திருப்பூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. சின்னச் சின்ன மகிழ்ச்சிகளை எங்கே தேடுவது?

பனியன் கம்பெனி வேலை, வாடகை அறை, வாரத்துக்கு ஒரே நாள் விடுமுறை. அந்த நாளும் துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் செல்போனிலும் போய்விடுகிறது. அதிகச் செலவில்லாமல் மனத்துக்கு நிறைவாக ஏதாவது செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தயங்காமல் சொல்வேன்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் ஞாயிறு ஒன்றுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று வருடத்துக்கு ஒருமுறை போவது வேறு. அதை வைத்து மீதி நாட்களை ஓட்ட முடியாது. என் சந்தோஷங்களில் பெரும்பங்கு வீட்டிலிருந்து நடந்து போய்வரும் தூரத்திலோ, ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்துக்குள்ளோ இருக்கிறது. அதற்கு நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: போகிற இடத்தைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொண்டு போவேன். அது எப்படி உருவானது, யார் செய்தது, எந்த மாதத்தில் என்ன நடக்கும், அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று ஏதாவது ஒன்று. பலர் புது இடத்தைத் தேடி அலைகிறார்கள். எனக்கோ பழகிய இடத்தில் ஒரு புதுச் செய்தி கிடைத்தால் போதும், அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

காலிங்கராயன் வாய்க்காலைச் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் அதன் குறுக்கே அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கத்து ஆவுடையார்பாறை வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வெட்டியிருக்கிறார்கள். 1283-ல் வேலை முடிந்தது என்பது வழங்கிவரும் கணக்கு. பல வருடங்கள் இதன் கரையில்தான் காய்கறிக்குப் போய் வந்தேன். இது ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று ஒருநாள் கேட்டுப் பார்த்த பிறகுதான் நடை எனக்குப் பிடித்துப்போனது. நேர்க்கோட்டில் போனால் இதில் ஏறக்குறைய பாதித் தூரம்தான் வரும். ஒரு பாம்பு ஊர்ந்து போன தடத்தைப் பார்த்து, கொங்கு நாட்டுத் தலைவர் காலிங்கராயன் வெட்டினார் என்பது ஊர்க்கதை. அந்தக் கதைக்குள் நல்ல பொறியியல் இருக்கிறது. மேட்டு நிலத்தின் மட்டத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு, சரிவை மிகக் குறைவாக வைத்துக் கொண்டுபோனால்தான் தண்ணீர் வேகம் பிடித்துக் கரையை அரிக்காது. கூடுதலான நிலத்துக்கும் பாயும். ஊரைத் தாண்டி நடந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்கே மேடு, கிழக்கே தாழ்வில் காவிரி, இரண்டுக்கும் நடுவில் நெல்லும் வாழையும் கரும்பும் மஞ்சளும். ஒவ்வொரு வளைவுக்கு வந்ததும் ‘இங்கே எந்த மேட்டுக்காகத் திரும்பியிருப்பார்?’ என்று தேடுவேன். கண்டுபிடித்துவிட்டால் வருகிற மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

தன் குடும்பத்தின் நன்மைக்காக வெட்டினார் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று, தன் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என உறுதி சொல்லி, பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்கு அவர் குடிபெயர்ந்துவிட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். (வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது, இது வேறு.) கரையில் நடக்கும்போது அந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஊருக்குள் சில இடங்களில் சாயக் கழிவும் குப்பையும் சேர்ந்து கிடப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்தக் கோபமும் எனக்கு வேண்டியதுதான். வாய்க்காலைத் தெரிந்துகொண்டிருக்காவிட்டால் அது வந்திருக்காது.

மஞ்சளும் அப்படித்தான். மண்டியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் விரலி, கிழங்கு, குவிண்டால், அன்றைய விலை. கரையோரம் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது ஏழெட்டு மாதத்துக்கு மேல் மண்ணில் இருக்கிற பயிர் என்பது மனத்தில் பதிந்தது. மழைக்காலத்தில் வாழைக்கன்று மாதிரி அகலமாக இலை விட்டு நிற்கும். தை பிறந்ததும் இலை பழுத்துச் சாய்ந்துவிடும். பிறகு தாள் அறுப்பு, கிழங்கு வெட்டு, வேக வைப்பது, களத்தில் காயப்போடுவது. மாசியில் அந்தப் பக்கம் போனால் வேகிற மஞ்சளின் மணம் அரை கிலோமீட்டருக்கு முன்பே எட்டிவிடும். மண்டியில் மூட்டை பிரிக்கும்போது வருவது காய்ந்த வாசனை. இது பச்சையும் மண்ணும் கலந்த வேறொரு மணம். இப்போது கணக்கு எழுதும்போது எண்களுக்குப் பின்னால் அந்தக் களம் தெரிகிறது. வேலை அதே வேலைதான், அலுப்பு குறைந்திருக்கிறது.

நடைக்கு எனக்குத் துணை என் நங்கை, அண்ணன் மனைவி. பேச்சு குறைவு, பார்வை கூர்மை. ஆடி மாதம் தண்ணீருக்கு மேல் சாய்ந்த ஒரு தென்னையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. “அம்மணி, அந்தக் கூட்டைப் பார்த்தாயா, பாதியில் நிற்கிறது” என்று அவர்தான் காட்டினார். எத்தனையோ கூடுகள் பாதியில் நிற்பதைப் பிறகு கவனித்தோம். காரணம் தேடிப் படித்தேன். ஆண் குருவி தலைக்கவசம் போல் பாதி பின்னியதும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மீதியைப் பின்னி, நீண்ட குழல் வாசலையும் முடிக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே தொங்கும், ஆண் வேறொன்றைத் தொடங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆடியும் ஆவணியும் எங்களுக்குத் திருவிழாவாகவே போயின. எந்தக் கூடு தேறியது, எது தேறவில்லை என்று பார்க்கவே வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். நங்கைக்கு முழங்கால் வலி உண்டு. அந்த மாதங்களில் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பொழுதுபோக்கு என்று கேட்டால், நான் வரைகிறேன். மண்டியில் தீர்ந்துபோன பில் புத்தகங்களின் பின்பக்கம், பத்து ரூபாய்ப் பென்சில், அவ்வளவுதான். நடையில் பார்த்த ஒன்றை இரவில் உட்கார்ந்து வரைவேன். வரைகிறபோதுதான் நாம் எதையும் சரியாகப் பார்ப்பதே இல்லை என்பது தெரிகிறது. வேப்பிலையை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். பிறகு ஓர் ஈர்க்கை ஒடித்துப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியும் இருபுறமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும்; விளிம்பில் பல் பல்லாக இருக்கும். எத்தனை மாரியம்மன் நோன்புக்குக் கொத்துக் கொத்தாகப் பறித்திருக்கிறோம்! அந்த இரவு அந்த ஒரு இலையே எனக்குப் போதுமானதாக இருந்தது. வரைதல் பிடிக்கவில்லை என்றால் வேறு ஏதாவது எடுங்கள், ஆனால் கையால் செய்கிறதாக இருக்கட்டும். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கிற கைக்குக்கூட, யாரும் கணக்குக் கேட்காத வேலை ஒன்று தேவைப்படுகிறது.

இனி ஸ்கூட்டர் பயணம். மாதத்தில் ஓரிரு ஞாயிறு காலையில் மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

குளிர்காலத்தில் வெள்ளோடு. சென்னிமலை போகிற வழியில் ஏரி. பறவைகள் சரணாலயம், 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் எல்லார் கண்ணிலும் படும். நான் தேடுவது நத்தைகுத்தி நாரையை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். வழுக்குகிற நத்தையைப் பிடிக்க அமைந்த அலகு. தொலைநோக்கி இல்லாமலே அந்த இடைவெளியைப் பார்க்க முடிந்த காலை ஒன்று உண்டு. மகள் கத்திவிட்டாள், நாரை பறந்துவிட்டது. அதற்காக அவளை யாரும் திட்டவில்லை.

காங்கயம் சாலையில் அரச்சலூர். அங்கே நாகமலையில் ஒரு பாறைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஈரோட்டுப் புலவர் செ. இராசு வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஆடலுக்கோ தாளத்துக்கோ உரிய சொற்கட்டு என்கிறார்கள். எழுத்தைக் கோத்தவர் பெயரும் பக்கத்தில் இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிகளின் தரம் பார்க்கிற வேலை. ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன் நம் பக்கத்தில் மணிகளுக்குத் தரம் பார்த்த ஒருவர், வேலை நேரம் போக மீதி நேரத்தில் தாளத்தைக் கட்டம் கட்டி விளையாடியிருக்கிறார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தரம் பார்த்து விலை போடுகிற தொழிலில் இருக்கிற எனக்கு அவர் மிகவும் வேண்டியவர். மகளும் நானும் அந்த ஐந்து வரியைக் கைத்தாளம் போட்டுச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினோம்.

அரச்சலூரிலிருந்து காங்கயம் வரை சாலையின் இருபுறமும் கொரங்காடுகள், வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள். மழை பெய்த மறுவாரம் போனால் கிளுவை வேலி முழுக்கத் துளிர்த்து, காடு காடாகப் பச்சைக் கோடு போட்டது மாதிரி இருக்கும். கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் போதும், வேலியாகிவிடும் என்று அப்புச்சி, அம்மாவின் அப்பா, சொல்வார். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடுகள். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாத வாக்கில் நிறம் மாறிச் சாம்பலாகும். இதைத் தெரிந்துகொண்டு போனால், தாயோடு நிற்கிற செங்கன்றைப் பார்த்து வயதைக் கணிக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தி நாங்கள் செய்கிற வேலை இதுதான்.

அப்படியே சிவன்மலை முருகன் கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சுவாமியிடம் பூக்கேட்டு உத்தரவு கிடைத்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் இருக்கும். மண், தண்ணீர், நெல், மஞ்சள் என்று என்னவாகவும் இருக்கலாம். மேலே போவதற்குள் இன்றைக்கு என்ன இருக்கும் என்று மகள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன்.

நடந்தே போய்வர இன்னொரு இடம், கருங்கல்பாளையம் நூலகம். பாரதியார் 1921 ஜூலை 31 அன்று இங்கே வந்து பேசினார். அவரது கடைசிச் சொற்பொழிவுகளில் ஒன்று, அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது படித்துவிட்டு வருவேன். தெருவில் வண்டிச் சத்தம் ஓயாது. இருந்தாலும் அந்த இடத்தில் படிப்பது தனி.

உங்கள் ஊருக்கு வருகிறேன். ஊத்துக்குளி சாலையில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கார்த்திகைக்கு மேல் தை, மாசி வரை வடக்கிலிருந்து வாத்துகள் வந்திருக்கும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும். அங்கே நிற்கிற பறவைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எப்படி இரை எடுக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றின் பெயரையும் முதல் நாளே தெரிந்துகொள்ள முயல வேண்டாம்.

அதே பக்கம் சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கிறது, தொல்லியல் துறை பராமரிப்பில் உள்ள பழைய கற்கோயில். அங்கே இரண்டு நந்திகள் உண்டு. ஒன்றுக்குக் காதும் கொம்பும் இல்லாததற்கு ஒரு கதை சொல்வார்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, கோயிலில் யாராவது பெரியவரிடம் கேளுங்கள், சொல்ல ஆசையாக இருப்பார்கள். அறைத்தோழர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். நேரம் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் ஓட்டி ஊத்துக்குளி போய் வெண்ணெய் வாங்கி வாருங்கள். மத்தியானம் அரிசியும் பருப்பும் சாதம் வைத்து, உருக்கிய நெய் விட்டுச் சாப்பிடலாம்.