சிலையா, ஆக்‌ஷன் ஃபிகரா? முதலில் தட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் இரண்டு தட்டுள்ள ஒரே ஒரு கண்ணாடி ஷோகேஸ்தான் இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 35 செ.மீ. உயரம். சூப்பர்ஹீரோ சிலைகள் சேர்ப்பதா, கை கால் மடங்கும் ஆக்‌ஷன் ஃபிகர்கள் சேர்ப்பதா?

பதில்: பாதி முடிவை உங்கள் தட்டின் உயரமே எடுத்துவிட்டது. ஆறடி ஆள் என்றால் 183 செ.மீ. நாலில் ஒரு பங்கு அளவுச் சிலை பீடம் இல்லாமலே 46 செ.மீ. வரும், உள்ளே நுழையாது. ஆறில் ஒரு பங்கு 30 செ.மீ.; கையைத் தூக்கியபடி இருந்தால் மேல்தட்டில் இடிக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு ஃபிகர் 15 செ.மீ. தான்.

ஆழத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிலையின் அங்கி பின்னால் பறந்தால் பறந்ததுதான். கதவு மூடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஃபிகரின் முழங்கையை மடக்கி, உடம்பைச் சற்றுத் திருப்பினால் இடம் கிடைத்துவிடும்.

அடுத்தது பெட்டி. இதை நான் அழுத்தியே சொல்வேன். ரெசினில் கல்தூள் கலந்து வார்க்கும் பாலிஸ்டோன் சிலை கனமானது. விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். அதனால் தடித்த தெர்மாகோலில் பொதிந்து வரும். அந்தப் பெட்டி சிலையைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வீடு மாற்றவும் விற்கவும் அது வேண்டும் என்பதால் தூக்கிப் போடவும் மனம் வராது. சின்ன ஃபிகர்களை ஒரு டப்பாவில் அடுக்கி, மாற்றி மாற்றி வெளியே வைக்கலாம்.

ஆனால் அழகில் சிலைக்குத்தான் என் ஓட்டு. தசை ஓட்டம் எங்கும் அறுபடாது. ஃபிகரில் முழங்கால் மூட்டு கண்ணை உறுத்தும். மூட்டு நாளடைவில் தளரவும் செய்யும். புதிதில் பெயிண்ட் ஒட்டி இறுகியிருந்தால் முறுக்காதீர்கள்: மணிக்கட்டு முளை தீக்குச்சி கனம்தான், சட்டென்று முறியும். அரை நிமிடம் சுடுநீரில் பிடித்தால் பிளாஸ்டிக் இளகித் திரும்பும்.

உங்கள் இடத்துக்கு நான் செய்வது இதுதான். மேல்தட்டில் எட்டில் ஒரு பங்கு பிவிசி சிலை ஒன்றே ஒன்று, 23 செ.மீ. வரும். கீழ்த்தட்டில் 15 செ.மீ. ஃபிகர்கள், பின்வரிசைக்கு 5 செ.மீ. உயரப் படி. ஷோகேஸில் நேர் வெயில் படக்கூடாது. சூட்டில் பிவிசி சாயும், வெயிலில் நிறம் வெளுக்கும். சிலையை ஆர்டர் செய்யுமுன் பீடத்தை மட்டும் பார்க்காமல், அதன் மிக அகலமான இடத்தின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி மேல்தட்டில் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள்.