ராஜபாளையம் நாய்க்கு எவ்வளவு நடை தேவை?

உங்கள் ஒன்றரை வயது ராஜபாளையம் நாயைத் தினமும் கால் மணி நேரம் நடத்தியும் அது வீட்டுக் கதவைப் பிறாண்டுவதாகவும், தெருவில் கயிற்றை இழுப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் என்பதால், காலையும் மாலையும் முக்கால் மணி நேர வேகநடையும், சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் அவிழ்த்துவிட்டு ஓடும் வாய்ப்பும் அதற்கு வேண்டும்.

இழுப்பதை வலிமையால் அடக்க முயல வேண்டாம். தோற்பது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும். கயிறு விறைத்த கணமே அசையாமல் நின்று, அது திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்ததும் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு சிறு துண்டைக் கொடுத்து நடையைத் தொடருங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. பூனையைக் கண்டதும் பாயக்கூடிய இனமாகையால், கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளை மயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்நாய் வெயிலில் எளிதில் புண்படும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால், அதன் பாதங்களாலும் தாங்க முடியாது.

இவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதால், அவிழ்த்துவிடுமுன் அதன் பின்னால் நின்று கைதட்டி, காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.