மருந்து கேட்காத கோஸ் புழு: கோத்தகிரி நண்பருக்கு

இரண்டு மடங்கு அளவு அடித்தும் முட்டைக்கோஸில் வைரமுதுகுப் புழு சாகவில்லை, "புழு மருந்துக்குப் பழகிடுச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தனியொரு புழு பழகுவதில்லை. பல்லாயிரம் புழுக்களில் வெகு சிலவற்றுக்கு அந்த மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் நீங்கள் அடிப்பதற்கு முன்பே இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றது. தப்பியவை அந்துப்பூச்சியாகி, தங்களுக்குள் கூடி முட்டையிட்டன. இந்தப் பூச்சிக்கு ஆண்டுக்குப் பல தலைமுறை. சில போகத்துக்குள் தோட்டம் முழுக்க அவற்றின் வாரிசுகளே. டார்வின் 1859-ல் விளக்கிய இயற்கைத் தேர்வு உங்கள் பாத்தியிலேயே நடக்கிறது.

1953-லேயே இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இந்தப் பூச்சி டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தாங்கியது. பிறகு பிடி பாக்டீரியா மருந்தையும் தாங்கிவிட்டது.

தயவுசெய்து அளவை இனியும் கூட்டாதீர்கள். வலுத்தவை மட்டும்தான் மிஞ்சும். கம்பெனிப் பெயரை மாற்றினாலும் பயனில்லை, உள்ளே ஒரே வகை மருந்தாக இருக்கலாம். வேறு விதத்தில் வேலை செய்யும் மருந்தைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, மாற்றி மாற்றி அடியுங்கள். ஓரத்தில் கொஞ்சம் செடியை மருந்து படாமல் விடுங்கள்: அங்கே பிழைக்கும் சாதாரணப் பூச்சிகள் எதிர்ப்புள்ளவற்றோடு கூடி, தாங்கும் தன்மை பரவுவதை மெதுவாக்கும், புழுவைத் தின்னும் டையடெக்மா குளவியும் தப்பும். குளிர்மலை அந்தக் குளவிக்கு நன்றாக ஒத்துவரும்.

கடைசியாக அடித்த டப்பாவில் உள்ள வேதிப்பெயரை எழுதுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.