ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் டிரிபிள் எபிசோடை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்? வெறும் காமெடிதானே?

காமெடிதான், ஆனால் கதையை விட்டு விலகாத காமெடி. டேவிட் ஜெரால்ட் எழுதி 1967 டிசம்பரில் ஒளிபரப்பான எபிசோட் அது. டிரிபிள் என்பது தின்பதும் குட்டி போடுவதும் தவிர வேறெதுவும் தெரியாத ரோம உருண்டை. விண்கலத்தின் கேப்டன் கிர்க் தானியக் கிடங்கின் கதவைத் திறந்ததும் அவை அவர் தலையில் கொட்டுகின்றன. அவற்றுக்குள் புதைந்து நிற்கிறார். அப்புறமும் ஒன்றிரண்டு சாவகாசமாக வந்து விழுகின்றன. மேலேயிருந்து ஆட்கள் கையால் வீசியவைதாம் அவை! சிரிப்பு அடங்குவதற்குள், தானியத்தைத் தின்ற டிரிபிள்கள் செத்துக் கிடப்பது தெரிகிறது. தானியத்தில் விஷம். மாறுவேடத்தில் இருக்கும், கிளிங்கான் என்ற எதிரி வேற்றுக்கிரக இனத்தின் உளவாளியைக் காட்டிக்கொடுப்பதும் அவைதாம்.

பிடிக்காதவர்களும் உண்டு. ஆபத்தான விண்வெளிப் பயணத்தைக் கோமாளித்தனமாக்கினால் அடுத்த வாரம் யார் பயப்படுவார்கள் என்பது அவர்கள் வாதம். சரி, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அறிவியல் புனைவுக்கான 1968 ஹியூகோ விருதுக்கு இது பரிந்துரையானது. 1996-இல் ஸ்டார் ட்ரெக் வரிசையின் பிற்காலத் தொடரான டீப் ஸ்பேஸ் நைனின் குழு காலப் பயணத்தில் இதே கதைக்குள் போகிறது. கிர்க் தலையில் விழுந்த அந்தக் கடைசி டிரிபிள்களை வீசியது அவர்கள்தானாம்!