கிட்கேட் எந்த நாட்டுச் சாக்லேட்? அமெரிக்கப் பாக்கெட்டில் மட்டும் ஏன் ஹெர்ஷி பெயர் இருக்கிறது?

பிறந்த ஊர் இங்கிலாந்தின் யார்க் நகரம். நெஸ்லே, ஹெர்ஷி இரண்டு கம்பெனிகளுமே பிற்பாடு வந்து சேர்ந்தவைதான். உருவாக்கிய கம்பெனி ரௌண்ட்ரீ. அந்தப் பெயரை இன்று பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1862-ல் ஹென்றி ஐசக் ரௌண்ட்ரீ யார்க்கில் ஒரு கோக்கோ வியாபாரத்தை விலைக்கு வாங்கினார். 1869-ல் அண்ணன் ஜோசப் வந்து சேர்ந்த பிறகு தொழில் சூடுபிடித்தது. குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். தொழிலாளர்களுக்கு 1906-லேயே ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள்.

அந்த ஆலையில் யோசனைப் பெட்டி ஒன்று உண்டு. வேலைக்குப் போகிறவர் பையில் போட்டு எடுத்துப்போகிற மாதிரி ஒரு சாக்லேட் வேண்டும் என்று தொழிலாளி ஒருவர் எழுதிப் போட்டாராம். கம்பெனி வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. 1935 ஆகஸ்டில் ‘ரௌண்ட்ரீஸ் சாக்லேட் கிரிஸ்ப்’ என்ற பெயரில் லண்டனிலும் தென் இங்கிலாந்திலும் விற்பனைக்கு வந்தது. விலை 2 பென்ஸ். 1937-ல் கிட்கேட் என்ற பெயர் சேர்ந்தது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். விரல் போன்ற நான்கு துண்டுகளையும் இணைப்பது அடியில் இருக்கும் மெல்லிய சாக்லேட் தகடு மட்டுமே. அந்தக் காலத்து வெள்ளித்தாளின் மேலேயே நகத்தால் ஒரு கோடு இழுத்து, இரண்டு கையாலும் அழுத்தினால் ‘டக்’கென்று உடையும். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மூன்று வேஃபர், இடையில் மெல்லிய பூச்சு. ஆலையில் உடைந்துபோகிற, வடிவம் சரியில்லாத கிட்கேட்டுகளை அரைத்து அந்தப் பூச்சிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எதுவும் வீண் போவதில்லை!

இரண்டாம் உலகப் போரில் பால் தட்டுப்பாடு வந்தது. 1942-ல் பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட்டுக்கு மாறினார்கள், சிவப்பு உறை நீலமானது. பால் கிடைக்கவில்லை, அமைதிக் காலத்தில் நீங்கள் சாப்பிட்டதை இப்போது செய்ய முடியாது, இது அதற்கு மிக நெருக்கமானது என்று உறையிலேயே அச்சிட்டுச் சொன்னார்கள். தரம் மாறியதை வாங்குபவரிடம் ஒளிக்காத அந்த நேர்மைக்காகவே இந்தக் கம்பெனியை எனக்குப் பிடிக்கும். போருக்குப் பிறகு பாலும் சிவப்பு உறையும் திரும்பின.

‘ஹாவ் எ பிரேக், ஹாவ் எ கிட்கேட்’ என்ற விளம்பர வாசகம் 1958-ல்தான் வந்தது. டொனால்ட் கில்ஸ் என்பவர் எழுதியது. அதனால்தான் கிட்கேட் பிரபலமானது என்பார்கள். என் கருத்து வேறு: வேலைக்கு நடுவே பாதி, பிறகு பாதி என்று உடைத்துத் தின்பதற்காகவே பிறந்த சாக்லேட் இது. விளம்பரம் அதைக் கச்சிதமாகச் சொன்னது, அவ்வளவே.

இனி ஹெர்ஷி. 1970-ல் ரௌண்ட்ரீ அமெரிக்காவில் கிட்கேட் தயாரிக்கும் உரிமத்தை ஹெர்ஷிக்குக் கொடுத்தது. 1988-ல் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே, யார்க் மக்களின் எதிர்ப்பையும் மீறி, சுமார் 250 கோடி பவுண்டுக்கு ரௌண்ட்ரீயையே வாங்கிவிட்டது. பழைய உரிமம் மட்டும் அப்படியே நீடித்தது. அதனால்தான் அமெரிக்காவில் ஹெர்ஷி, இந்தியா உட்பட மற்ற நாடுகளில் நெஸ்லே.

ருசியும் ஒன்றல்ல, ஹெர்ஷியின் செய்முறை தனி. அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கிவந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். என் ஓட்டு இன்றும் யார்க்கில் தயாராகும் கிட்கேட்டுக்குத்தான்.