சீசன் மாறினாலே அடுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல்: மாத்திரை இல்லாம இயற்கையா சரி பண்ண வழி இருக்கா?

மழை முடிஞ்சு பனி ஆரம்பிச்சா காலைல எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணியா மூக்கு ஒழுகல், கண்ணு அரிப்பு, தினமும் மாத்திரை போட இஷ்டம் இல்ல, வீட்டு வைத்தியம் எதாவது உதவுமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதே பிரச்சனைதான். சொந்த ஊரு தர்மபுரி பக்கம், அங்க இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்ல, வேலைக்கு பெங்களூர் வந்த அப்புறம்தான் ஆரம்பிச்சுது, இங்க இருக்கிற பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். எனக்கு நிஜமா பலன் தந்தது ரெண்டுதான். மூக்குக்குள்ள போற மகரந்தம், தூசியைக் குறைக்கிறது. போனதை உப்புத் தண்ணி விட்டுக் கழுவுறது. கசாயம், மஞ்சப்பால் எல்லாம் தொண்டைக்கு இதமா இருக்கும், தாராளமா குடிங்க, ஆனா அதை மட்டும் நம்பி உக்காந்திருக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

அலர்ஜி கிருமியால வர்றது இல்ல. மகரந்தமோ தூசிப்பூச்சியோட கழிவோ மூக்கு சவ்வுல பட்டதும், அதை எதிரின்னு நினைச்சு ஏற்கனவே நம்ம உடம்பு தயார் பண்ணி வெச்சிருக்கிற ஐஜிஈ ஆன்டிபாடிங்கிற எதிர்ப்புப் புரதம் விழிச்சுக்கும், மாஸ்ட் செல்னு ஒரு வகை செல்லு ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனத்தைக் கொட்டும், சில நிமிஷத்துலயே தும்மல், அரிப்பு, ஒழுகல் எல்லாம் வந்துடும். "எதிர்ப்பு சக்தி கம்மி, அதான்"னு சொந்தக்காரங்க சொல்வாங்க, உண்மையில எதிர்ப்பு சக்தி தேவையில்லாத இடத்துல வேலை பண்றதுதான் பிரச்சனை, அதனால எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற பொடி, லேகியம்னு விக்கிறதுக்கெல்லாம் காசு செலவு பண்ணாதீங்க.

சளிக் காய்ச்சலா அலர்ஜியான்னு முதல்ல பாத்துக்கோங்க. காய்ச்சல் இல்ல, உடம்பு வலி இல்ல, ஒழுகுறது தண்ணி மாதிரி தெளிவா இருக்கு, கண்ணும் மேல் அண்ணமும் அரிக்குது, பத்து நாள் தாண்டியும் போகலன்னா பெரும்பாலும் அலர்ஜிதான். எந்த மாசம், எந்த இடத்துல அதிகம்னு காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட போனா அவர் கேக்கப் போற முதல் கேள்வியும் அதான்.

பெங்களூர்ல ஜனவரி, பிப்ரவரில ரோட்டோரம் பூரா ரோஸ் கலர் டபேபுயா பூக்கும்ல, எல்லாரும் அதைப் பாத்து "இந்தப் பூவாலதான் தும்மல்"ம்பாங்க. பாவம் அந்த மரம். பெருசா, கலரா பூக்கிறதெல்லாம் தேனீயையும் வண்டையும் கூப்பிடுற பூ, அதோட மகரந்தம் கனமா பிசுபிசுன்னு இருக்கும், காத்துல ரொம்ப தூரம் பறக்காது. நம்ம மூக்கைப் படுத்துறது பெரும்பாலும் யாரும் திரும்பிப் பாக்காத பூக்கள், புல்லு, சவுக்கு, ஆமணக்கு, அப்புறம் காலி மனைல எல்லாம் இடுப்பளவு வளந்து நிக்குற பார்த்தீனியம். இங்க அதை காங்கிரஸ் செடிம்பாங்க. 1950கள்ல புனேல முதல்ல கண்ணுல பட்டுது, அமெரிக்காவுல இருந்து வந்த கோதுமையோட கலந்து வந்துடுச்சுன்னு சொல்வாங்க, அப்புறம் நாடு முழுக்க பரவிடுச்சு. ஒரே செடி ஆயிரக்கணக்குல விதை போடும், மழை பெஞ்சு முளைச்சா ஒண்ணு ஒன்றரை மாசத்துல பூத்துடும். அதைத் தின்னு அழிக்க மெக்சிகோவுல இருந்து ஒரு வண்டு கொண்டு வந்து 1984ல பெங்களூர்ல விட்டாங்க, வண்டு நல்லாவே பெருகுச்சு, செடியும் போகல.

சரி, மூக்கு கழுவுறது. யோகா கிளாஸ்ல ஜல நேத்தின்னு சொல்றது இதான். இயற்கை வழிகள்ல ஆராய்ச்சி ஆதரவு உள்ளதுல இது முக்கியமானது, அலர்ஜி டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறாங்க, விலையும் இல்ல. கால் லிட்டர் தண்ணிக்கு அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு மூணுல ஒரு பங்கு டீஸ்பூன், எரிச்சலா இருந்தா ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. கடையில வாங்குற கல்லுப்புல மண்ணு, கசடு இருக்கும், அதனால மெடிக்கல்ல பாக்கெட்டா விக்கிற நேசல் வாஷ் பொடியே நல்லது. சிங்க் மேல குனிஞ்சு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, வாயைத் திறந்து வாயாலயே மூச்சு விட்டுக்கிட்டே மேல் பக்க மூக்குத் துவாரத்துல மெதுவா விட்டா கீழ் பக்கத் துவாரம் வழியா வெளிய வரும். முதல் தடவை பயமா இருக்கும், உப்பு அளவும் வெதுவெதுப்பும் சரியா இருந்தா எரியாது. முடிச்ச பிறகு பலமா சிந்தாதீங்க, காதுக்குள்ள தண்ணி ஏறிடும், குனிஞ்சு மெதுவா ஊதினா போதும்.

இதுல ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கொஞ்சம்கூட அசட்டை வேணாம், தண்ணி. கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி மட்டும்தான். குழாய்த் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி, ஆர்ஓ தண்ணி எதுவும் அப்படியே கூடாது, குடிக்கிறதுக்கு நல்லா இருக்கிற தண்ணி மூக்குக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்ல. நெக்லேரியா ஃபௌலெரின்னு ஒரு அமீபா இருக்கு, குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா போனா மூளைக்கு ஏறி உயிரையே எடுத்துடும். 2011ல அமெரிக்காவுல லூசியானாவுல குழாய்த் தண்ணியை நேத்தி பாட்ல (மூக்கு கழுவுற கெண்டி) ஊத்தி மூக்கு கழுவின ரெண்டு பேர் இப்படித்தான் செத்தாங்க. கேரளாவுல 2024லயும் 2025லயும் மூளையைத் தின்னும் அமீபான்னு நியூஸ்ல வந்துச்சே, அந்த நோய்தான் இதுவும். ரொம்ப அரிதானது, ஆனா வந்தா பிழைக்கிறது கஷ்டம், தடுக்கிறதோ ரொம்ப சுலபம். தளதளன்னு கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம், ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 6,500 அடிக்கு மேல இருந்தா 3 நிமிஷம் கொதிக்கட்டும், மூடி வெச்சு ஆற வெச்சு அன்னைக்கே யூஸ் பண்ணிடுங்க. மூக்கு கழுவுற பாட்டிலையும் கழுவி நல்லா காய வைங்க.

அடுத்தது உள்ள போறதைக் குறைக்கிறது. மகரந்தத்தோட சைஸ் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேலதான், அதனால சாதா சர்ஜிக்கல் மாஸ்க்கே ஓரளவு தடுக்கும். பைக் ஓட்டுறவங்க ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டுக்கோங்க, கண்ணு அரிப்பு குறையும். வெளிய போய்ட்டு வந்தா டிரஸ் மாத்தி முகம் கழுவுங்க. நீளமா முடி இருக்கிறவங்க ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தலையை அலசுறது, முடியாட்டி துணி கட்டிக்கிட்டு படுக்கிறது நல்லது, இல்லாட்டி பகல் பூரா முடியில ஒட்டினது தலகாணிக்கு வந்து ராத்திரி பூரா மூக்குக்குள்ள போகும். பூ சீசன்ல பெட்ஷீட், தலகாணி உறையை மாடியில காயப் போடாதீங்க.

சென்னை மாதிரி ஈரமான ஊருன்னா மகரந்தத்தை விட மெத்தையில இருக்கிற தூசிப்பூச்சிதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாது, நம்ம தோல் செதிலைத் தின்னு வாழும், ஈரப்பதம் ஏறினா பெருகும். பெட்ஷீட்டை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணில துவைங்க, மழை ஓஞ்ச நல்ல வெயில்ல மெத்தை தலகாணியை வெளிய போட்டு தட்டுங்க. பழைய இலவம்பஞ்சு தலகாணி இருந்தா மாத்திடுங்க. விளக்குமாறு வெச்சு தூசி பறக்கப் பெருக்கிறதை விட்டுட்டு ஈரத்துணியால துடைங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், சாம்பிராணி. தலைக்கு குளிச்சா புகை காட்டினா சளி பிடிக்காதுன்னு எங்க வீட்டுலயும் உண்டு, அந்த வாசனை எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா ஏற்கனவே வீங்கி இருக்கிற மூக்குக்கு எந்தப் புகையும் எரிச்சல்தான். ஊதுபத்தி, கொசுவத்தி, மஞ்சக் கொம்பைச் சுட்டு முகர்றது எல்லாம் இதுல சேத்திதான். சீசன் முடியிறவரைக்குமாவது நிறுத்திப் பாருங்க.

இப்ப சமையலறை. மஞ்சப்பால்ல மிளகு போட்டா மஞ்சள் நல்லா சேரும்னு சொல்றது கதை இல்ல, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல 1998ல வந்த ஆய்வு அது, மிளகுல இருக்கிற பைப்பரின், மஞ்சளோட முக்கியப் பொருளான குர்குமின் உடம்புல சேர்ற அளவை 20 மடங்கு கூட்டுச்சு. ஆனா அதுல கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சத்தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அப்ப 2 கிராமுக்கு அறுபது எழுபது கிராம் மஞ்சத்தூள் வேணும். நாம பால்ல போடறது ஒரு சிட்டிகை. தூங்கப் போறப்ப சூடா குடிச்சா நிம்மதியா இருக்கும், அவ்வளவுதான்.

தேன்லயும் இதே மாதிரிதான், உள்ளூர் தேன் சாப்பிட்டா மகரந்தம் பழகிடும்பாங்க, தேனீ எடுக்கிறது அந்தப் பிசுபிசு மகரந்தம், நமக்குப் பிரச்சனை காத்துல பறக்கிறது. ஒரு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு தேன் நாக்குல தடவவும் கூடாது. ஆடாதோடை நல்ல மூலிகை, இருமல் மருந்துல வர்ற புரோம்ஹெக்சினே அதுல இருக்கிற வாசிசின்ங்கிற பொருள்ல இருந்து வந்ததுதான், ஆனா அது நெஞ்சுச் சளியை இளக்குறதுக்கு, தண்ணியா ஒழுகுற மூக்குக்கு இல்ல. கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே வேணாம். தூதுவளை ரசம் ருசிக்காகவே வைக்கலாம்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சா அடைப்பு கொஞ்ச நேரம் விடும், பெரியவங்க பிடிங்க, சின்னப் பசங்களை போர்வைக்குள்ள உக்கார வைக்காதீங்க, சுடுதண்ணி கொட்டி வெந்து போறது நிறைய நடக்குது. தைலம் தேச்சா மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அது மென்தால் தர்ற குளிர்ச்சி உணர்வு, உண்மையில அடைப்பு அப்படியேதான் இருக்கும். குழந்தைக்கு கற்பூரம் வேணவே வேணாம், உள்ள போனா வலிப்பு வரும். குளிப்பாட்டும்போது பச்சக் குழந்தை மூக்குல எண்ணெய் விட்டு ஊதுறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆகும். பாட்டிங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

மாத்திரை பிடிக்கலன்னு சொன்னீங்க, புரியுது. ஆனா டாக்டர் தர்ற மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேவுக்கு பயப்படாதீங்க, அளவு ரொம்ப கம்மி, மூக்குலயே வேலை செய்யும், முழுப் பலன் தெரிய சில நாள் ஆகும். முதல்ல கழுவிட்டு அப்புறம் அடிச்சா மருந்து சளி மேல நிக்காம சவ்வுல படும். பயப்பட வேண்டியது மெடிக்கல்ல கேட்டதும் கொடுக்கிற அடைப்பு நீக்குற சொட்டு மருந்துக்குத்தான், அஞ்சு நாளுக்கு மேல போட்டா அதுவே அடைப்பை உண்டாக்கும், அப்புறம் அது இல்லாம தூங்கவே முடியாது. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம், நெஞ்சு இறுக்கம், ராத்திரி இருமல் இருந்தா வீட்டு வைத்தியத்தை வெச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க, மூக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் கூடவே வரும், உடனே காட்டுங்க.

உங்க வீட்டுப் பக்கத்துல காலி மனை இருந்தா போய் ஒரு தடவை பாருங்க. பார்த்தீனியம் இருந்தா பூக்கிறதுக்கு முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கிறப்ப வேரோட பிடுங்கணும், கையுறையும் முழுக்கை சட்டையும் கட்டாயம், செடி பட்டா தோல்லயும் அலர்ஜி வரும். அலர்ஜி இருக்கிற நீங்க இறங்காதீங்க, தெருவுல நாலு பேரைச் சேத்துக்கோங்க, இல்லாட்டி வார்டு ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. பூத்துட்டா பிடுங்கி ஓரமா போட்டாலும் விதை கொட்டி அடுத்த மழைக்கு முளைச்சுடும், அதனால மழை தொடங்கி மூணு நாலு வாரத்துக்குள்ள இந்த வேலையை முடிச்சுடுங்க.