துவக்குச் சத்தமும் மட்டன் ரோல்ஸும்

தம்பி, மகனுக்கு 12 வயது, கனடாவில், ஸ்காபரோவில் கேடட்டில் (கனடியப் படையின் ஆதரவில் நடக்கும் இளையோர் பயிற்சி) சேர்க்கலாமா, அங்கே துவக்கால் சுடப் பழக்குவார்களாமே, பிறகு பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். வாடகை, குளிர்ச் சப்பாத்து பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இதற்கு மட்டும் சொல்கிறேன்.

யாரும் பிடிக்க மாட்டார்கள். 12 வயதிலிருந்து 18 வரை இருக்கலாம். சேரக் காசு இல்லை, பிறகு படையில் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை. (நன்கொடை சேர்க்கக் குளிரில் கடை வாசலில் உண்டியலோடு நிற்கவைப்பார்கள், அது வேறு கதை.) சுடுவது காற்றுத் துவக்கால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் கடதாசியில்.

உங்கள் பயம் எனக்கு விளங்கும். 1991இல் வந்திறங்கியபோது பக்கத்து வீட்டுக் கதவு அடிபட்டாலே எனக்கு நெஞ்சு இடிக்கும். அப்படிப்பட்டவன் மகளைச் சேர்த்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பாயில் குப்புறக் கிடக்கிறாள், துவக்கு ஆடாமலிருக்கக் கையில் வார் இறுக்கியிருக்கிறது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். சுட்டு முடிந்ததும் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும். ஊரில் துவக்கோடு திரிந்த எவரும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

நான் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். அவள் கொண்டுவந்த கடதாசியில் ஐந்து ஓட்டையும் இடப்பக்கம் கீழே. "நடுவில் ஒன்றுகூட இல்லையே" என்று காரிலேயே ஏசிவிட்டேன். பயிற்றுநரோ அதே கடதாசியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவராம். ஐந்தும் ஒரு சதக் காசுக்குள் அடங்கினால் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மூச்சை அடக்கி விசையை அமத்துகிறது என்று அர்த்தம். பின்குறியை, அதாவது துவக்கில் கண்ணுக்குக் கிட்ட இருக்கும் குறிபார்க்கும் பகுதியை, இரண்டு மூன்று கிளிக் திருப்பினால் எல்லாம் நடுவுக்கு வந்துவிடும். சிதறினால்தான் கவலை.

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் டியூஷனுக்காகப் பிள்ளையை இடையில் நிறுத்துவார்கள். மிச்சப்பேர் முதல் வருடமே மாகாணப் போட்டிக்கு ஏன் எடுபடவில்லை என்று பிள்ளையை அரிப்பார்கள். படுத்துச் சுடுவதில் கெட்டிக்காரனுக்கும் நின்று சுடும்போது கை ஆடும், அது மெல்லத்தான் வரும்.

அப்புறம், குண்டு ஈயம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். என் மகள் அப்படியே ஓடிவந்து காரில் மட்டன் ரோல்ஸைத் தூக்குவாள். எத்தனை தரம் திருப்பி உள்ளே அனுப்பியிருப்பேன்.